ஐஸ், க்ரட், மேடு, கார்விங்: நாலுக்கும் ஒரே ஜோடி ஸ்கீ

கயல்77

எல்லோருக்கும் வணக்கம். இப்போது என்னிடம் இருப்பது இடுப்பில் (நடுவே மெல்லிய இடத்தில்) 68 மி.மீ. அகலமுள்ள கார்விங் ஸ்கீ, அதாவது ஓர விளிம்பால் பனியை வெட்டி வளைந்து திரும்புவதற்கானது. காலையில் எந்திரம் ஓட்டிச் சீராக்கிய சரிவில் அதை வைத்துக்கொண்டு எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆட்கள் ஏறி இறங்கி, பனி குலைந்து, குவியல் ஒரு பக்கம் வழுக்கல் ஒரு பக்கம் என்று ஆனதும்தான் சிக்கல். முனை குவியலுக்குள் புகுந்து தன் இஷ்டத்துக்கு இழுக்கிறது. பனி மேடுகளில் இறங்கினால், திருப்பம் முடிந்த பிறகும் வால் விடுவதில்லை.

உயரம் 167 செ.மீ., எடை 62 கிலோ. செங்குத்தான சரிவிலும் தைரியமாக இறங்குவேன், ஆனால் பந்தய ஆள் இல்லை. நான் போகும் இடத்தில் ஆழமான புதுப்பனி அபூர்வம். கெட்டிப் பனி, ஐஸ், மதியத்துக்கு மேல் க்ரட் (அந்தக் குலைந்த, குவியலான பனி), ஓரத்தில் மேடுகள், இவ்வளவுதான்.

விளம்பரத்தைப் படித்தால் எல்லா ஆல்-மவுண்டன் (எல்லாப் பனிக்கும் ஆன) ஸ்கீயும் எல்லாம் செய்கிறது. இடுப்பு 78-ஆ, 84-ஆ, 88-ஆ? உள்ளே உலோகத் தகடு வேண்டுமா? ஒரே ஜோடிதான் வாங்கப் போகிறேன்.

ஒருவரி

84. அடுத்த கேள்வி?

நெட்டைத்தம்பி

அக்கா, பயப்படாமல் அகலமாகப் போங்கள். நான் 96 மி.மீ. மான்ட்ரா ஸ்கீ வைத்திருக்கிறேன், உள்ளே டைட்டனால் என்ற உலோகத் தகடு உண்டு. க்ரட்டில் எதையும் பார்க்காமல் நேராகப் போகலாம், ஐஸிலும் பிடிக்கிறது. மெல்லிய ஸ்கீ எல்லாம் அந்தக் காலம்.

சரிவுவாசி

தம்பி, உங்கள் எடை என்ன என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

நெட்டைத்தம்பி

94 கிலோ. அதனால் என்ன?

சரிவுவாசி

அதனால்தான் எல்லாம். 94 கிலோ ஆள் வளைக்கும் ஸ்கீயை 62 கிலோ ஆள் அதே வேகத்தில் அதே அளவு வளைக்க முடியாது. வளையாத ஸ்கீ கார்வ் செய்யாது, பக்கவாட்டில் வழுக்கும். கயல், மற்றவர்களின் பரிந்துரையைப் படிக்கும்போது முதலில் அவர்களுடைய எடையைக் கேளுங்கள், மாடல் பெயரை அப்புறம் பார்க்கலாம்.

சரி, அகலத்துக்கு வருகிறேன். பூட்டின் முன்பக்க அடிப்பாகம் ஏறத்தாழ 69 மி.மீ. அகலம். இது தரநிலையில் வரையறுத்த அளவு, கால் பெரிதானாலும் சிறிதானாலும் இதேதான். உங்கள் 68 மி.மீ. ஸ்கீயில் எட்ஜ் (ஓரத்து எஃகு விளிம்பு) கிட்டத்தட்ட பூட் அடியின் ஓரத்துக்கு நேர்கீழே இருக்கிறது. நீங்கள் சாய்ந்து அழுத்தும்போது அந்த அழுத்தம் நேராக எட்ஜுக்குப் போகிறது. 88 மி.மீ. ஸ்கீயில் எட்ஜ், பாதத்தின் நடுக்கோட்டிலிருந்து 44 மி.மீ. தள்ளி நிற்கிறது. 98 என்றால் 49. பனி மெத்தென்று இருந்தால் ஸ்கீ கொஞ்சம் உள்ளே அமிழும், அடிப்பாகம் முழுக்கத் தாங்கும், வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஐஸில் ஸ்கீ அமிழாது. தாங்குவது அந்த எட்ஜ் ஒன்றுதான். அது வெளியே தள்ளி இருக்கும் அளவுக்கு ஸ்கீயை மறுபடி தட்டையாகப் புரட்டப் பார்க்கும் விசை கூடும். அந்த விசையை எதிர்த்து நிற்பது உங்கள் கணுக்காலும் முட்டியும். நாள் முழுக்கக் கெட்டிப் பனியில் அகலமான ஸ்கீயில் போனவர்களுக்கு முட்டியின் உட்பக்கம் வலிப்பது இதனால்தான்.

ஒரு பக்கத்து எட்ஜிலிருந்து மறுபக்கத்து எட்ஜுக்கு மாறுவதும் அப்படித்தான். அகலம் கூடக் கூட, கடக்க வேண்டிய தூரம் கூடுகிறது.

ஆனால் இடுப்பு அகலத்தை மட்டும் வைத்து ஸ்கீ வாங்குவது எனக்கு ஒப்பாத காரியம். ஒரே 84 மி.மீ.யில் ஐஸைக் கடிக்கும் ஸ்கீயும் உண்டு, ஐஸைக் கண்டதும் நழுவும் ஸ்கீயும் உண்டு. காரணம் முறுக்கு விறைப்பு. ஈரத்துணியைப் பிழிவதுபோல் ஸ்கீயின் முனையைப் பிடித்து முறுக்கிப் பாருங்கள். எளிதாகத் திருகிக்கொடுத்தால், ஐஸில் பாதத்துக்கு அடியில் நீங்கள் கொடுத்த எட்ஜ் கோணம் முனைக்குப் போய்ச் சேராது. நடுவில் பிடித்து, முனையும் வாலும் நழுவும். டைட்டனால் தகடு வேலை செய்வது இங்கேதான். அது அலுமினியக் கலவை. ஆஸ்திரியாவின் அமாக் நிறுவனம் தயாரிப்பது. மெல்லிய தகடாகவே முறுக்கைத் தாங்கும், கூடவே ரப்பர் படலம் சேரும்போது அதிர்வையும் அடக்கும். ஐஸில் ஸ்கீ நடுங்கினால் எட்ஜ் விட்டு விட்டுத்தான் பிடிக்கும். நடுங்காத ஸ்கீ தொடர்ந்து பிடிக்கும்.

எண்கணக்கன்

சரிவுவாசி சொன்னதோடு ஒரு கணக்கு.

ஸ்கீயில் "ஆரம் 16 மீ." என்று எழுதியிருக்கும். அது ஸ்கீயின் பக்க வளைவை வட்டமாக நீட்டினால் வரும் ஆரம். நீங்கள் போடும் திருப்பத்தின் ஆரம் வேறு. கெட்டிப் பனியில் சுத்தமாகக் கார்வ் செய்தால், திருப்பத்தின் ஆரம் தோராயமாக அந்த எண்ணை எட்ஜ் கோணத்தின் கொசைனால் பெருக்கியது. 30 டிகிரி சாய்த்தால் 16 மீ. ஸ்கீ 13.9 மீட்டரில் திரும்பும். 45 டிகிரியில் 11.3. 60 டிகிரியில் சரியாகப் பாதி, 8 மீட்டர். பந்தய வீரர்கள் பெரிய ஆர ஸ்கீயில் இறுக்கமாகத் திரும்புவதற்கு இந்தச் சாய்வு ஒரு காரணம்.

இன்னொன்று: பட்டியலில் இருக்கும் ஆரம் ஒரு குறிப்பிட்ட நீளத்துக்கு உரியது. அதே மாடலில் குட்டையான ஸ்கீக்கு ஆரம் குறைவு. 177 செ.மீ.க்கு 17 மீ. என்று விமர்சனத்தில் படித்துவிட்டு 163 வாங்கினால், நீங்கள் வாங்குவது அந்த ஸ்கீயே இல்லை.

பக்க வளைவு இவ்வளவு ஆழமானதே அண்மைக்காலக் கதைதான். 1993-இல் ஸ்லோவேனியாவின் எலான் நிறுவனம் எஸ்சிஎக்ஸ் என்ற ஸ்கீயைக் கொண்டுவந்த பிறகுதான் பக்கவாட்டில் நன்றாகக் குழிந்த ஸ்கீ பரவலானது. அதற்கு முன்பும் ஐஸில் அருமையாகச் சறுக்கினார்கள் என்பதை ஆரத்தைப் பற்றி அதிகம் கவலைப்படுபவர்கள் யோசிக்கலாம்.

கயல், க்ரட்டில் முனை இழுக்கிறது என்றீர்களே, உங்கள் ஸ்கீயின் ஆரம் என்ன?

கயல்77

160 செ.மீ.யில் 12.5 மீ. என்று போட்டிருக்கிறது.

எண்கணக்கன்

அப்படியானால் புரிந்துவிட்டது. முனை அகலம், இடுப்பு மெல்லிசு, ஆரம் சின்னது. கொஞ்சம் சாய்த்தாலே முனை கொக்கி போட்டுத் திருப்பத்துக்குள் இழுக்கும். சீரான சரிவில் உங்களுக்குப் பிடித்த குணம்தான் க்ரட்டில் உங்களை ஆட்டிப் படைக்கிறது. 14-லிருந்து 16 வரை ஆரம் உள்ளதைப் பாருங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே போய்விடும்.

மேட்டுமுயல்

மேடுகளைப் பற்றி யாரும் பேசவில்லையே, அதனால் நான் வந்தேன். 😄

போட்டியில் மேடு இறங்குபவர்களின் ஸ்கீயைப் பார்த்திருக்கிறீர்களா? (1992 ஆல்பெர்வில் ஒலிம்பிக்கிலிருந்து அதற்குப் பதக்கம் உண்டு.) இடுப்பு 60-களில், பக்க வளைவு ரொம்பக் குறைவு, முனை மெத்தென்று. கார்விங் ஸ்கீக்கு நேர் எதிர். காரணம் இருக்கிறது. மேட்டில் நாம் கார்வ் செய்வதில்லை. பாதத்தைத் திருப்பி, மேட்டின் பின்பக்கத்தில் வழுக்கி, வேகத்தைக் கொன்று, அடுத்ததற்குப் போகிறோம். ஸ்கீ சட்டென்று திரும்ப வேண்டும், அதைவிட முக்கியமாகச் சட்டென்று விட வேண்டும். வால் விறைப்பாகவும் அகலமாகவும் தட்டையாகவும் இருந்தால் விடாது. பள்ளத்தில் முனை முட்டி வளைந்து, மேட்டில் ஏறும்போது வால் உங்களைப் பின்னால் உட்கார வைத்து அடுத்த மேட்டுக்குத் தூக்கிப் போடும். உங்கள் கார்விங் ஸ்கீ செய்வது அதைத்தான்.

அதனால் என் பட்டியல் வேறு. முனையில் ராக்கர் (மேல்நோக்கிய வளைவு) கொஞ்சம், நடுவில் கேம்பர் (தரையிலிருந்து எழும்பி நிற்கும் வளைவு), வால் லேசாக மேலே திரும்பியிருக்க வேண்டும், நீளம் உங்கள் உயரத்தைவிடக் குறைவு. இரண்டு முழுத் தகடு டைட்டனால் உள்ள ஸ்கீயை 62 கிலோவுக்கு நான் சிபாரிசு செய்யவே மாட்டேன். ரெண்டு சரிவு ஜோராகப் போவீர்கள், மூன்றாவதில் தொடை எரியும்.

88-க்கு மேலே போனால் பள்ளத்தில் ரெண்டு ஸ்கீயும் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு இடம் தேடும். என் கணக்கு 80-லிருந்து 86.

சரிவுவாசி

> இரண்டு முழுத் தகடு டைட்டனால் உள்ள ஸ்கீயை 62 கிலோவுக்கு நான் சிபாரிசு செய்யவே மாட்டேன்

மேடுகளுக்கு மட்டும் என்றால் சரி. கயலின் நாளில் பாதி ஐஸ். உலோகமே இல்லாத இலகுவான ஸ்கீயைக் கொடுத்தால் காலையில் அவர் பழைய ஸ்கீயை நினைத்து ஏங்குவார். க்ரட்டிலும் எடை உதவும். கனமான ஸ்கீ குவியலை உடைத்துக்கொண்டு போகும். இலகுவான ஸ்கீ குவியலின் மேல் ஏறித் துள்ளும், ஒவ்வொரு துள்ளலுக்கும் நீங்கள் சமநிலையைத் தேட வேண்டும். தொடை எரிவதற்கு அதுவும் ஒரு வழிதான்.

மேட்டுமுயல்

அண்ணா, ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் முழுசாக இல்லை. க்ரட்டில் ரெண்டு வகை. மதிய வெயிலில் மெத்தென்று ஆன க்ரட்டில் எடை அவ்வளவு தேவையில்லை, முனை ராக்கரே மிதக்க வைக்கும். ராத்திரி உறைந்து கட்டி கட்டியாகக் கிடக்கும் க்ரட்டில்தான் நீங்கள் சொல்வது நடக்கும். அதில் நான் இறங்குவதே இல்லை, வெயில் வரும்வரை காத்திருப்பேன்.

நெட்டைத்தம்பி

உறைந்த க்ரட்டில் இறங்காதவர் க்ரட் பற்றிப் பேசுகிறார்.

மேட்டுமுயல்

முட்டி எனக்கு ரெண்டுதான் தம்பி.

கயல்77

சண்டை போடாதீர்கள், எனக்கு இப்போதுதான் ஓரளவு பிடிபடுகிறது. ஐஸ் கேட்பது முறுக்கு விறைப்பு, மெல்லிய இடுப்பு. க்ரட் கேட்பது எடை, அளவான ஆரம். மேடு கேட்பது இளகிய வால், குறைந்த நீளம். இதில் எடையும் மேடும் ஒத்துப்போகாது, சரிதானே?

இன்னொரு சந்தேகம். பெண்களுக்கு என்று தனியாக வரும் மாடல்களை எடுக்கலாமா? நிறத்தை மாற்றி விற்கிறார்கள் என்று ஒருவர் சொன்னார், இல்லை உள்ளே வேறு என்று இன்னொருவர்.

சரிவுவாசி

மாடலுக்கு மாடல் மாறும். நார்டிகாவில் என்ஃபோர்சருக்கு இணையான பெண்கள் வரிசை சான்டா ஆனா. என்ஃபோர்சரில் ரெண்டு உலோகத் தகடு, சான்டா ஆனாவில் ஒன்று. அது உண்மையான மாற்றம், 62 கிலோவுக்குப் பொருத்தமான மாற்றமும்கூட. ஃபோல்க்கலில் கெண்டோ 88-க்கு ஜோடி கென்ஜா 88. அதில் டைட்டனால் முழுத் தகடாக இல்லாமல், ஓரங்களைச் சுற்றிச் சட்டமாக வருகிறது. எட்ஜுக்கு மேலே உலோகம் இருக்கும், நடுவில் இருக்காது. முறுக்கைத் தாங்கும், நீளவாக்கில் வளையவும் விடும். உங்கள் கேள்விக்கு நேரான பதில் இந்த மாதிரிக் கட்டுமானம்தான்.

ஐஸ்தான் முதல் கவலை என்றால் ஸ்டாக்லி லேசர் ஏஎக்ஸ், இடுப்பு 78. கார்விங் ஸ்கீயின் பக்கமே சாயும், ஆனால் உங்கள் 68-ஐவிட க்ரட்டில் நிதானம். எதிர்முனையில் எலான் ரிப்ஸ்டிக் 88. உலோகம் இல்லை, இலகு, மேட்டுமுயலுக்குப் பிடிக்கும். அதில் இடது வலது என்று குறித்திருப்பார்கள், உள் எட்ஜில் கேம்பரும் வெளி எட்ஜில் ராக்கரும் கூடுதல்.

பெண்கள், ஆண்கள் என்ற பட்டையைப் பார்க்க வேண்டாம். உள்ளே எத்தனை தகடு, உங்கள் நீளத்தில் ஒரு ஸ்கீயின் எடை எத்தனை கிராம், இந்த ரெண்டையும் கேளுங்கள். நல்ல தயாரிப்பாளர்கள் குட்டை நீளத்தில் மரக்கருவின் தடிமனையும் குறைப்பார்கள். அப்படிச் செய்யாத ஸ்கீயின் குட்டை நீளம் விறைப்பாக இருக்கும்.

பூட்டுவைத்தியர்

இழை முழுக்கப் படித்தேன். ஒருவர்கூட பூட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

கயல், பூட்டுக்குள் குதிகால் மேலே எழும்புகிறதா? முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு பூட்டின் முன் நாக்கில் படுவதற்கு முன்னால் காலி இடம் இருக்கிறதா? இருந்தால் 78-க்கும் 88-க்கும் உள்ள வித்தியாசத்தை நீங்கள் உணரவே மாட்டீர்கள். ஐஸில் எட்ஜ் கோணத்தை அரை டிகிரி கூட்ட நினைக்கிறீர்கள், பாதம் பூட்டுக்குள் அரை சென்டிமீட்டர் நகர்ந்து அதை விழுங்கிவிடும். ஸ்கீ அகலமாக ஆக ஆக இந்தத் தளர்ச்சி பெரிதாகத் தெரியும், ஏனென்றால் புரட்டப் பார்க்கும் விசை கூடுகிறது. சரிவுவாசி சொன்ன அதே 44 மி.மீ.

கால் வளைந்த அமைப்பு உள்ளவர்களுக்கு இன்னொரு தொல்லை. நேராக நிற்கும்போதே ஸ்கீ ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அதைப் பூட்டின் அடியில் சரி செய்யலாம். ஒரு பக்கத் திருப்பத்தில் மட்டும் ஐஸில் வழுக்குகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதை.

அப்புறம் பைண்டிங், அதாவது பூட்டை ஸ்கீயோடு பிணைக்கும் கருவி. அதில் முன்பக்கத்தைவிடக் குதிகால் சில மில்லிமீட்டர் உயரமாக இருக்கும். அந்த வித்தியாசம் பைண்டிங்குக்குப் பைண்டிங் மாறும். வாடகைக்கு எடுத்துப் பார்க்கும் ஸ்கீயில் ஒரு மாதிரி, வாங்கிப் பொருத்துவதில் வேறு மாதிரி. "சோதித்தபோது நன்றாக இருந்தது, வாங்கின பிறகு சரியில்லை" என்பவர்களிடம் நான் முதலில் அளப்பது அந்த உயரத்தைத்தான்.

கயல்77

பூட் போன பருவத்தில் வெப்பத்தால் வார்த்துச் சரி செய்தது, குதிகால் அசையாது. ஆனால் இடது பக்கத் திருப்பத்தில் கொஞ்சம் வழுக்கும். கால் அமைப்பு என்று நினைக்கவே இல்லை.

பூட்டுவைத்தியர்

அப்படியானால் ஸ்கீ வாங்குவதற்கு முன் அதை அளந்துவிடுங்கள். அதற்கும் முன்பு, ரெண்டு ஸ்கீயையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். வழுக்கல் எதிர்ப்பக்கத்துக்குப் போனால் தப்பு ஸ்கீயின் எட்ஜில், காலில் இல்லை.

ஒருவரி

எட்ஜ் கடைசியாக எப்போது தீட்டினீர்கள்?

கயல்77

… பருவத் தொடக்கத்தில்.

சரிவுவாசி

ஒருவரி நல்ல கேள்வி கேட்டார். மொட்டை எட்ஜ் உள்ள 68-ஐவிடக் கூரான எட்ஜ் உள்ள 88 ஐஸில் நன்றாகப் பிடிக்கும். இங்கே நாம் பேசிய அகலம், உலோகம் எல்லாம் எட்ஜ் கூராக இருந்தால் மட்டுமே செல்லும்.

விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் புது ஸ்கீ வாங்கிய பிறகு இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எட்ஜுக்கு ரெண்டு கோணம். அடிப்பக்கத்தில் பொதுவாக 1 டிகிரி மேலே சரிந்திருக்கும், பக்கவாட்டில் 88 டிகிரி வழக்கம். ஐஸ் அதிகம் என்றால் பக்கவாட்டை 87 ஆக்கலாம், கடி கூடும், ஆனால் சீக்கிரம் மழுங்கும். பக்கவாட்டுக் கோணத்தை நீங்களே அரத்தையும் தாங்கியையும் வைத்து மாற்றலாம், பிடிக்கவில்லை என்றால் திரும்பவும் மாற்றலாம். அடிக்கோணம் அப்படியில்லை. ஒருமுறை அதிகமாக அரைத்துவிட்டால், அடிப்பாகம் முழுவதையும் இயந்திரத்தில் தேய்த்தால்தான் மீளும். அதனால் அடிக்கோணத்தைத் தொடாதீர்கள்.

கல்லில் பட்ட இடத்தில் எஃகு இறுகிவிடும், அரம் அதன்மேல் வழுக்கும். முதலில் வைரக்கல்லால் அந்த இடத்தைத் தேய்த்துவிட்டு அப்புறம் அரம். கெட்டிப் பனியில் நாள் முழுக்கப் போனால் அன்று மாலையே பக்கவாட்டில் வைரக்கல்லை நாலு இழு இழுத்தால் போதும், அரத்துக்கு அடிக்கடி வேலை வராது. எஃகும் மிஞ்சும்.

புது ஸ்கீயில் ஒரு நேர்ச்சட்டத்தை அடிப்பாகத்தின் குறுக்கே வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். எட்ஜ் உயர்ந்து நடு குழிந்திருந்தால் அந்த ஸ்கீ மேடுகளில் விடவே விடாது. வாலைக் குறை சொல்வதற்கு முன் உங்கள் பழைய ஸ்கீயிலும் இதைப் பாருங்கள்.

மேட்டுமுயல்

இதை நான் சொல்ல நினைத்தேன், அண்ணா முந்திக்கொண்டார். கூடவே பொருத்தும் இடம். சோதனை ஸ்கீயில் பைண்டிங்கை முன்னே பின்னே நகர்த்தலாம். குறித்த கோட்டிலிருந்து 1 செ.மீ. முன்னால் வைத்து மேட்டில் ஒரு இறக்கம், கோட்டிலேயே வைத்து க்ரட்டில் ஒரு இறக்கம். ஒரே ஸ்கீ ரெண்டு ஸ்கீ மாதிரி இருக்கும்.

கயல்77

சரி, முடிவுக்கு வந்துவிட்டேன். முதலில் பழைய ஸ்கீயைத் தீட்டி, நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்து, இடம் மாற்றிப் போட்டு அந்த இடது பக்க வழுக்கலைக் கண்டுபிடிப்பேன். அப்புறம் ரெண்டை மட்டும் சோதிக்கப் போகிறேன்: சட்ட உலோகம் உள்ள 88 ஒன்று, ஒற்றைத் தகடு உள்ள 82 அல்லது 84 ஒன்று. ரெண்டும் 163 செ.மீ.க்குப் பக்கத்தில், ஆரம் 14-க்கு மேல். காலையில் ஐஸில் எது பிடிக்கிறது என்பதைவிட, மதியம் மேட்டில் எது என்னை விடுகிறது என்பதை வைத்துத் தேர்ந்தெடுக்கலாம் என்று நினைக்கிறேன். ஐஸில் கொஞ்சம் குறைந்தாலும் எட்ஜைத் தீட்டி ஈடுகட்டலாம். வாலை இளக வைக்க என்னால் முடியாது.

சரிவுவாசி

நல்ல முறை. ஒன்று மட்டும்: சோதிக்கும் ஸ்கீயின் எட்ஜையும் நகத்தில் உரசிப் பாருங்கள். நகம் சுரண்டவில்லை என்றால் தீட்டித் தரச் சொல்லிவிட்டு எடுங்கள்.

நெட்டைத்தம்பி

96-ஐயும் ஒரு இறக்கம் முயன்று பாருங்கள் அக்கா, சும்மா.

பூட்டுவைத்தியர்

88 எடுத்தால் பைண்டிங்கின் பிரேக் கையின் அகலம் 88-க்கு மேல், ஆனால் ரொம்ப மேலே போகாமல், 90 அல்லது 95 போதும். அகலமான பிரேக் சாய்க்கும்போது பனியில் உரசும். பூட்டின் அடி கிரிப்வாக் (நடக்க வசதியாக வளைந்த வகை) என்றால் பைண்டிங் அதை ஏற்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். விழும்போது பைண்டிங் பூட்டை விடுவிக்கும் அளவை எடை, உயரம், வயது, பூட் அடியின் நீளம், சறுக்கும் பாணி எல்லாம் பார்த்துத்தான் வைக்க வேண்டும். நண்பருடைய எண்ணை உங்களுக்கு வைக்க விடாதீர்கள், குறிப்பாக நெட்டைத்தம்பியுடையதை.